வாசலில் ஒரு குட் நைட்: டிரினிடாட் போகிறவர்களுக்கு

டிரினிடாட்டில் கூவா என்ற ஊரில் குடியேறிய முதல் வாரம். இரவு ஏழு மணி இருக்கும். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் பால் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார், பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, "குட்... நைட்" என்றார். கடையைச் சாத்தப் போகிறார், நம்மைக் கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்து வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஊரில் இருட்டிய பிறகு யாரைச் சந்தித்தாலும் முதலில் சொல்ல வேண்டிய வணக்கம்தான் 'குட் நைட்'. காலையில் குட் மார்னிங், மதியத்துக்கு மேல் குட் ஆஃப்டர்நூன், இருட்டினால் குட் நைட். இதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போகிறவர் அவர்கள் கணக்கில் வளர்ப்பு சரியில்லாதவர். அன்று சாயங்காலம் திரும்பவும் அதே கடைக்குப் போய், வாசலிலேயே நின்று சத்தமாக ஒரு குட் நைட் போட்டேன். பால் கிடைத்தது. கூடவே எந்தத் தெருவில் நாய் கடிக்கும், யார் வீட்டில் மாங்காய் வாங்கலாம் என்ற தகவலும் கிடைத்தது.

2022 முதல் 2024 வரை அங்கே இருந்தோம். வீட்டுக்காரருக்குப் பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் அமோனியா ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலை. எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, அதனால் அமோனியா வாடை புதிதில்லை. ஊர் திரும்பியதிலிருந்து மாதம் ஒருவராவது "அக்கா, டிரினிடாட் போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கிறார்கள். சித்தப்பா மகன் வேறு, அடுத்த முறை இந்திய அணி அங்கே ஆடும்போது போயே தீருவேன் என்கிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. இனி இந்தப் பதிவை அனுப்பிவிடப் போகிறேன்.

கரீபியன் என்றதும் வெள்ளை மணல், தென்னை மரம், குடை செருகிய கண்ணாடிக் கோப்பை என்று ஒரு படம் மனதில் ஓடும். அதே நாட்டின் இன்னொரு தீவான டொபேகோவுக்கு அது ஓரளவு பொருந்தும். டிரினிடாட் வேறு மாதிரி. அந்தத் தீவுக்குச் சோறு போடுவது எண்ணெயும் இயற்கை எரிவாயுவும். சுற்றுலாப் பயணி வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமை அங்கே இல்லாததால், உங்களைப் பார்த்து யாரும் மாலையோடு ஓடி வர மாட்டார்கள். பேருந்து எங்கே நிற்கும் என்று பலகைகூட இருக்காது. கேட்டால்தான் சொல்வார்கள், கேட்பதற்கு முன் குட் மார்னிங் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டீர்கள் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிடுவார்கள்.

சரி, கிளம்புவதற்கு முந்தைய விஷயங்கள். நாங்கள் இருந்த காலத்தில், சுற்றுலாவாக வரும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 90 நாள் வரை விசா தேவைப்படவில்லை. என் அப்பா அம்மா அப்படித்தான் வந்தார்கள். இந்த விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறும், டெல்லியில் உள்ள அவர்களுடைய தூதரகத்தில் ஒரு முறை கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். தலைவலி அந்த நாட்டு விசாவில் இல்லை, போகிற வழியில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நியூயார்க், மயாமி வழியாக டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். டொரண்டோ வழியும் அப்படித்தான். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏற வேண்டியிருந்தால் பிரிட்டனின் விசாவைக் கேட்பார்கள். அப்பா அம்மா பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போய், அங்கிருந்து போர்ட் ஆஃப் ஸ்பெயின் வந்தார்கள். விமான நிலையத்துக்குள்ளேயே மாறியதால் அவர்களிடம் விசா கேட்கவில்லை. இறங்கியதும் திரும்பும் டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் கேட்டார்கள். முகவரியைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுடைய போன் அந்த நேரம் பார்த்து சார்ஜ் போய்விட்டது.

இப்போது சொல்லப் போவதை யாரும் முன்கூட்டி எங்களிடம் சொல்லவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. டிரினிடாட் போக அது தேவையில்லை, அங்கிருந்து இந்தியா திரும்பும்போதுதான் தேவை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இங்கே வந்து இறங்கும்போது சான்றிதழ் கையில் இல்லையென்றால், ஆறு நாள் தனிமை முகாமில் உட்கார வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், ஆகவே புறப்படும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மஞ்சள் அட்டை ஒன்று தருவார்கள்.

அப்பா ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். அட்டையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள், வேட்டி மடிப்புக்குள் வைத்துப் பூட்டி விமானத்தில் ஏற்றிவிட்டார். பெட்டி வருகிற இடத்துக்குப் போவதற்கு முன்னாலேயே சோதனை மேசை வந்துவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அம்மா தன் அட்டையை வைத்துக்கொண்டு "நான் போகலாம்னு சொல்லிட்டாங்க, நீங்க ஆறு நாள் கழிச்சு வாங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார். கடைசியில் என் மகள் எப்போதோ எடுத்து அனுப்பிய அட்டையின் படம் அம்மாவின் போனில் இருந்தது. அதைக் காட்டி, பெட்டியும் வந்து, ஒரு வழியாக விட்டார்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாத இன்னொன்று, ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணி. தொப்பி, பை, குழந்தையின் கால்சட்டை எதுவாக இருந்தாலும் சரி, பொதுமக்கள் அந்த வடிவத்தை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். மிக்ஸியும் வேண்டாம். அங்கே மின்சாரம் 115 வோல்ட், பிளக் அமெரிக்கத் தட்டைக் கம்பி. நான் ஊரிலிருந்து சுமந்துபோன மிக்ஸி தேங்காய்ச் சட்னிக்கு முனகியதைக் கேட்டு, ஏதோ பிராணி மாட்டிக்கொண்டது என்று ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். போன், லேப்டாப் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, அடாப்டர் மட்டும் போதும்.

பணம் டிடி டாலர், அதாவது டிரினிடாட் அண்ட் டொபேகோ டாலர். நாங்கள் இருந்தபோது ஒரு அமெரிக்க டாலருக்கு ஆறே முக்கால் சொச்சம், நம் காசுக்கு ஒரு டிடி பன்னிரண்டு ரூபாய் அளவு. டாக்ஸிக்காரர் "ஃபிஃப்டி டாலர்ஸ்" என்றால் எந்த டாலர் என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். நோட்டுகள் பிளாஸ்டிக். சிவப்பு ஒரு டாலர் நோட்டில் ஒரு சிவப்புப் பறவை இருக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அமெரிக்க டாலருக்கு அங்கே பெரிய தட்டுப்பாடு. மாற்றிய டிடியைத் திரும்ப டாலராக்க முயன்றால் வங்கியில் கை விரிப்பார்கள். இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். கடைசி நாளில் எங்களிடம் மிஞ்சிய டிடி எல்லாம் ஏலக்காய் பிஸ்கட்டாகவும் சாக்லேட்டாகவும் மாறித்தான் ஊர் வந்தது.

பியார்கோ விமான நிலையத்திலிருந்து தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். காரில் அரை மணியிலும் போகலாம், இரண்டு மணியிலும் போகலாம். காலை ஐந்தரைக்கே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கிவிடும். நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் வாடகைக் கார் எடுக்க ஆசை வரும், தாராளமாக எடுக்கலாம். ஆனால் நான் மேக்ஸியின் கட்சி.

மேக்ஸி என்றால் மேக்ஸி டாக்ஸி. நம்ம ஊர் ஷேர் வேனுக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன். வெள்ளை வண்டி, உடம்பைச் சுற்றி ஒரு வண்ணப் பட்டை. பட்டையின் நிறம்தான் வழித்தடம். சிவப்புப் பட்டை கிழக்கே அரிமா பக்கம், மஞ்சள் தலைநகருக்குள்ளும் அதன் மேற்கேயும், பச்சை தெற்கே ஷகுவானஸ், சான் ஃபெர்னாண்டோ பக்கம், டொபேகோவில் நீலம். தலைநகரில் சிட்டி கேட் என்ற நிலையத்திலிருந்து சிவப்பும் பச்சையும் கிளம்பும். நிரம்பினால்தான் வண்டி எடுப்பார்கள். ஏறும்போது குட் மார்னிங் என்று சொல்ல வேண்டும், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் முணுமுணுப்பாகத் திருப்பிச் சொல்வார்கள். முதல் முறை எனக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த டீச்சர் போல இருந்தது. சாதாரண கார்களும் பங்கு டாக்ஸியாக ஓடும். நம்பர் பலகை 'எச்' என்று தொடங்கினால் அது முறையான வாடகை வண்டி. 'பி' என்றால் சொந்தக் கார். அந்த 'பி' கார்களும் ஹாரன் அடித்து ஆள் ஏற்றும், உள்ளூர்க்காரர்கள் ஏறுவார்கள், நீங்கள் ஏறாதீர்கள். தலைநகரிலிருந்து சான் ஃபெர்னாண்டோவுக்கு வாட்டர் டாக்ஸி என்று ஒரு வேகப் படகு இருக்கிறது. நெடுஞ்சாலை நெரிசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முக்கால் மணி சொச்சத்தில் போய்ச் சேரலாம்.

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. இந்தியா அவர்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால். அவர்களுடைய 'ஜஸ்ட் நவ்' எத்தனை மணி நேரம் என்பதற்குத்தான் கணக்கில்லை. "ஜஸ்ட் நவ் வருகிறேன்" என்று போன பிளம்பர் மறுநாள் மதியம் வந்து, குட் ஆஃப்டர்நூன் என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு வருவோம், இதை வேகமாகத் தாண்ட மனசு வராது. டபுள்ஸ். காலை ஆறு மணிக்கே சாலையோரம் நீலப் பெட்டி, குடை, அதைச் சுற்றி ஒரு கூட்டம் தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். மஞ்சள் போட்ட மிருதுவான சின்ன பாரா (பூரி மாதிரி) இரண்டு, நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே வெள்ளரிக்காய், புளிச் சட்னி, குச்சேலா என்கிற மாங்காய் ஊறுகாய், நீளமான கொத்தமல்லி போல இருக்கும் ஷாடோ பெனி இலையின் சட்னி. 1936 வாக்கில் பிரின்சஸ் டவுனில் ஒரு குடும்பம் தொடங்கிய வியாபாரம், இன்று நாட்டின் காலை உணவே அதுதான். மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள், அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து, நின்றுகொண்டே, சட்டையில் வழியாமல் சாப்பிடுவது ஒரு கலை. கடைக்காரர் ஒற்றைச் சொல்லில் "பெப்பர்?" என்பார். தூத்துக்குடிக்காரி என்ற திமிரில் முதல் நாள் "நிறைய" என்றேன். உலகத்திலேயே காரமான மிளகாய் என்று 2012-இல் பெயர் வாங்கிய மொருகா ஸ்கார்ப்பியன் இந்தத் தீவில் விளைவதுதான். அன்று என் காது இரண்டும் அடைத்துப்போய், பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் தன் ஜூஸை நீட்டினான். "ஸ்லைட்" என்று சொல்லுங்கள். அந்த 'கொஞ்சமே' நமக்குத் தாராளம். நாங்கள் இருந்தபோது ஒன்று ஐந்து, ஆறு டிடி.

சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளே பருப்புப் பொடி வைத்த தால்பூரி, தோசைக்கல்லில் அடித்து நொறுக்கிய பரோட்டா மாதிரியான 'பஸ் அப் ஷட்' (கிழிந்த சட்டை என்று பொருள், பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்), புலவுரி என்கிற மாவு உருண்டை, சேப்பங்கிழங்கு இலையில் செய்த சஹீனா, பூசணிக்காய்க் கறி, மாங்காய்த் தாளக்கறி. ரொட்டிக் கடையில் எந்தக் கறி வேண்டும் என்று காட்டினால் தட்டில் வைப்பார்கள். அசைவம் என்றால் வாத்துக் கறி. வாத்தைக் கறி வைப்பதில் அந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, என் மாமியார் இதைப் படித்தாலும் பரவாயில்லை. மராக்கஸ் கடற்கரையில் பேக் அண்ட் ஷார்க், அதாவது பொரித்த ரொட்டிக்குள் சுறாத் துண்டு. எங்கள் ஊர் சுறாப்புட்டைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது சுமார்தான். கடல் அங்கே அழகு, அலை முரடு. சிவப்புக் கொடி பறந்தால் காலை மட்டும் நனையுங்கள்.

காய்கறிப் பெயர்கள் பெரும்பாலும் போஜ்புரி, இந்தி வழி. கத்தரிக்காய் பைகன், பாகற்காய் கரைலி, சீரகம் கீரா. ஒரு சனிக்கிழமை ஷகுவானஸ் சந்தையில் கறிவேப்பிலையை என்னவென்று கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். கையால் இலை வடிவத்தைக் காட்டி, தாளிப்பது போல் நடித்தும் காட்டினேன். காய் விற்ற பெரியவர் "ஓ, காரப்புல்லே!" என்று ஒரு கொத்தை எடுத்து நீட்டினார். அது எந்த மொழிச் சொல் என்று கேட்டேன். "இண்டியன்" என்றார். அது என் மொழி என்று சொன்னதற்கு, "யூ மத்ராசி?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோன முதல் கப்பல் ஃபட்டேல் ரசாக், 1845 மே 30 அன்று அங்கே சேர்ந்தது. அந்த நாள் இன்றும் அரசு விடுமுறை. 1917 வரை கப்பல்கள் போயின. மிகப் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள், சென்னையிலிருந்து ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். மொழி போய்விட்டது. முத்து 'மூட்டூ' ஆகவும், முனுசாமி 'மூன்சாமி' ஆகவும் குடும்பப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காளி கோயில்களில் 'மத்ராசி' முறைப் பூஜை என்று இன்னும் சொல்கிறார்கள். உங்களிடம் இந்தியில் பேசுவார்கள், பழைய இந்திப் பாட்டு பாடச் சொல்வார்கள். எனக்கு இந்தி தெரியாது என்றதும் அவர்கள் முகத்தில் வந்த ஏமாற்றத்துக்கு நான் பழகவே இல்லை.

மத்தியப் பகுதியில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வீட்டு முற்றங்களில் மூங்கில் கழியில் வண்ணவண்ணச் சிறு கொடிகள் பறக்கும், ஜண்டி என்பார்கள், பூஜை நடந்த வீடு என்று அடையாளம். காரபிச்சைமாவில் 85 அடி அனுமார் நிற்கிறார், பக்கத்திலுள்ள தத்தாத்ரேயர் கோயில் நம் தென்னிந்தியக் கோயில் வடிவில் இருப்பதால் ஒரு நிமிடம் ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கிருந்து வாட்டர்லூ கிட்டம். கடலுக்குள் ஒரு கோயில். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி 1947-இல் கரையோரம் ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனிக்குச் சொந்தம் என்று 1952-இல் இடித்தார்கள், அவரை 14 நாள் சிறையிலும் வைத்தார்கள். வெளியே வந்தவர், நிலத்தில் இடமில்லையென்றால் கடலில் கட்டுகிறேன் என்று, சைக்கிளிலும் வாளியிலும் கல் சுமந்து கடலைத் தூர்த்துக் கட்ட ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷம் அந்த வேலை. இப்போது இருப்பது 1995-இல் எடுத்துக் கட்டிய கட்டடம். கடல் வற்றியிருக்கும் நேரம் சுற்றிலும் சேறுதான் தெரியும், நீர் ஏறியிருக்கும்போது போனால்தான் அந்த மனிதர் செய்தது புரியும். பக்கத்திலேயே தகன மேடைகள் இருக்கின்றன. புகை எழுந்துகொண்டிருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள்.

ஈஸ்டர் சமயத்தில் போனால் தெற்கே சிப்பாரியாவை விடாதீர்கள். கத்தோலிக்கத் தேவாலயத்தில் கருநிற மாதா. கத்தோலிக்கர்களுக்கு லா டிவினா பாஸ்டோரா, இந்துக்களுக்குச் சிப்பாரி மாய். பெரிய வியாழன் இரவும் புனித வெள்ளியும் இந்துக்கள் எண்ணெய், அரிசி, பூவோடு வரிசையில் நின்று கும்பிட்டு, குழந்தைக்கு முதல் முடியும் இறக்குகிறார்கள். பனிமய மாதா தேருக்குப் போய் வளர்ந்த எனக்கு அந்த வரிசையில் நிற்பது வெளியூர் போலவே தெரியவில்லை.

இப்போது அந்த ஒரு டாலர் நோட்டுப் பறவை. செந்நிற அரிவாள் மூக்கன், தேசியப் பறவை. கரோனி சதுப்பு நிலத்தில் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் படகு கிளம்பும். அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகும்போது கிளையில் சுருண்டு கிடக்கும் மலைப்பாம்புக் குட்டி மாதிரியான பாம்புகளைப் படகோட்டி காட்டுவார், அண்ணாந்து பார்த்து வாயை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் படகை ஒரு திறந்த ஏரியில் கட்டிவிட்டு எஞ்சினை நிறுத்துவார். எதிரே ஒரு பச்சைத் தீவு. முதலில் ஐந்து, பிறகு இருபது, பிறகு நூறு நூறாக வந்து இறங்கும். அவை தின்னும் நண்டும் இறாலும்தான் அந்த நிறத்துக்குக் காரணமாம். அரை மணி நேரத்தில் அந்தத் தீவு மிளகாய் காயப்போட்ட முற்றம் போல ஆகிவிட்டது. படகில் ஒருவரும் பேசவில்லை, என் மகள்கூட. கொசு மருந்தை எடுத்துப்போங்கள், ஏறுவதற்கு முன் கழிவறைக்குப் போய்விடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு வேறு வழியில்லை.

லா பிரேயாவில் தார் ஏரி. 100 ஏக்கர் அளவுக்கு இயற்கையான தார். 1595-இல் வால்ட்டர் ராலே என்ற ஆங்கிலேயக் கடலோடி தன் கப்பல்களின் விரிசலை இதை வைத்துத்தான் அடைத்தார். பார்க்கப் பழைய கார் நிறுத்துமிடம் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நடந்து பாருங்கள், மே மாதத் தார் ரோட்டில் செருப்பு இழுபடுமே, அது காலுக்கடியில் மெல்ல அசைந்தால் எப்படி இருக்கும்? வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், சில இடங்கள் ஆளை உள்ளே இழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு கூடாது. போகிற வழியில் வீடுகள் சாய்ந்தும் சாலை அலை அலையாகவும் இருப்பதைக் கவனியுங்கள், அடியில் தார் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் மாட்டுராவிலோ கிராண்ட் ரிவியேரிலோ இரவில் பேராமை முட்டையிடுவதைப் பார்க்கலாம். அனுமதிச் சீட்டு வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது. ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழை. புயல்கள் பெரும்பாலும் வடக்கே ஒதுங்கிப் போய்விடும்.

கார்னிவல் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும். அறை வாடகை அந்த வாரம் கண்ணைக் கட்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு என் யோசனை, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் போய், இரவில் ஏதாவது ஒரு பேன் யார்டில் உட்காருங்கள். ஸ்டீல் பேன் இந்த நாட்டில் பிறந்த வாத்தியம், எண்ணெய் டிரம்மை வெட்டித் தட்டிச் சுதி சேர்த்தது. நூறு பேர் ஒரே பாட்டின் ஒரே நாலு வரியை மணிக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். நாங்கள் போன இடத்தில் டிக்கெட் எதுவும் கேட்கவில்லை. அமோனியா ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், அந்தச் சத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நிம்மதியாகத் தூங்கினார்.

கிரிக்கெட்டுக்கு, தம்பி, குயின்ஸ் பார்க் ஓவல். பின்னால் பச்சை மலைத்தொடர் தெரியும் பக்கமாக டிக்கெட் வாங்கு. 1971-இல் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலில் டெஸ்டில் வென்ற மைதானம். கவாஸ்கரின் முதல் ஆட்டம் என்று எல்லோரும் அதைச் சொல்வார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் நம் வெங்கட்ராகவன் ஐந்து விக்கெட் எடுத்ததை அங்கே ஒரு தாத்தா எனக்கு நடித்தே காட்டினார்.

டொபேகோவுக்கு விமானத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம். கப்பலில் நான்கு மணி நேரம் போல ஆகும், கடல் குலுக்கும், வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாள் என்றால் இரண்டுமே முன்கூட்டி நிரம்பிவிடும். கண்ணாடி அடித்தளப் படகில் புக்கூ பவளப்பாறை, அப்படியே நடுக்கடலில் இடுப்பளவு நீர் நிற்கும் நைலான் பூல். மலைமேல் 1776-லேயே சட்டம் போட்டுக் காத்த காடு. கடற்கரையில் மழை வந்தால் கண்ட மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மான்சினீல் என்ற மரத்தின் இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும். பச்சை ஆப்பிள் மாதிரி அதன் காய், தொடவே கூடாது.

பயமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். குற்றம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. நாங்கள் திரும்பிய பிறகு, 2024 டிசம்பர் 30 அன்று நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். போவதற்கு முன் அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். நான் அங்கே இருந்தவரை தாலிச் செயினைப் பெட்டியில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடுதான் வெளியே போனேன். இருட்டிய பிறகு தலைநகர மையத்தில் நடக்கவில்லை, சவானா மைதானத்தில் இளநீர் குடிப்பதென்றால் வெளிச்சம் இருக்கும்போதே. எந்தப் பகுதிக்குப் போகலாம், எங்கே போகக் கூடாது என்று தங்கும் வீட்டாரிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 811.

கடைசியாக, திரும்பும்போது எனக்கு இரண்டு பாட்டில் குச்சேலாவும் ஒரு பாட்டில் பெப்பர் சாஸும் வாங்கி வாருங்கள். கைப்பையில் வைக்காதீர்கள், திரவம் என்று எடுத்துவிடுவார்கள். ஆன்ட்டி தன் கையால் அரைத்துக் கொடுத்த என்னுடைய பாட்டில் பியார்கோவோடு நின்றுவிட்டது. அதைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டியிருந்த பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "சாரி, டார்லிங்" என்று என்னைவிட வருத்தப்பட்டார்.